பவளத்தின் புகுந்த வீடு

பவளம் என்றால் நம் வீட்டுப் பெண்களுக்குக் கழுத்து மணி. கவிஞர்களுக்குக் கதாநாயகியின் உதடு. அது உயிருள்ள ஒரு பிராணி என்று சொன்னால் சிரிப்பவர்கள் இன்றும் உண்டு. அவர்களைக் குறை சொல்வதற்கில்லை. பாரிஸ் நகரத்து விஞ்ஞான சபையே ஒரு காலத்தில் அந்தப் பேச்சைக் கேட்டு முகம் சுளித்தது. மார்செய் நகரத்து வைத்தியர் பெய்ஸொனெல், 1720-களில், பவளத்தின் மேல் விரிவது பூ அல்ல, இரை தேடும் சிறு ஜீவன் என்று எழுதி அனுப்பினார். அதைச் சபையில் எடுத்துரைத்த ரியோமுர் என்ற பெரிய விஞ்ஞானி, எழுதியவரின் பெயரை மட்டும் சொல்லாமல் மறைத்துவிட்டார். பாவம், அந்த மனிதர் நகைப்புக்கு ஆளாக வேண்டாமே என்ற நல்லெண்ணம்தான்! வைத்தியர் கண்டதே உண்மை என்று சபை ஒப்புக்கொள்ள 1740-கள் வரை ஆயிற்று.

சரி, பிராணிதான். பிராணி என்றால் கிளியையும் நாயையும் போல அதையும் வீட்டில் வளர்க்கலாமா? இந்தக் கேள்விக்கு முதலில் விடை கண்டவர் எந்தச் சபையிலும் அங்கம் வகித்தவர் அல்ல. அவர் ஒரு குடும்பத் தலைவி.

1846-ஆம் ஆண்டு. இங்கிலாந்தின் தென்மேற்குக் கரையில் டார்க்கி என்ற ஊருக்கு அன்னா தின் சீமாட்டி போயிருந்தார். கணவர் ஜான் தின் பிரபு, லண்டன் வெஸ்ட்மின்ஸ்டர் தேவாலயத்துக் குருமார்களில் ஒருவர். கரையோரப் பாறைகளில் கட்டை விரல் நகத்தளவே உள்ள கல் பவளங்களைச் சீமாட்டி பார்த்தார். பார்த்ததும் ஆசை பிறந்தது. ஆசை பிறந்தால் மட்டும் போதுமா? லண்டன் வரை அவை உயிரோடு போய்ச் சேர வேண்டுமே! ஊசியும் நூலும் எடுத்தார். ஒவ்வொரு பவளத்தையும் ஒரு பெரிய கடற்பஞ்சின் மேல் வைத்துத் தைத்தார். ஒன்றோடொன்று மோதாமல், சுற்றிலும் நீர் ஓட இடம் விட்டு, கல் ஜாடியில் கடல்நீர் நிரப்பிக் கொண்டுபோனார். எந்த விஞ்ஞானிக்கும் தோன்றாத யுக்தி இது. தையல் தெரிந்த கைக்குத் தோன்றியது.

வீட்டில் கண்ணாடிக் கிண்ணங்களில் பவளங்கள் குடியேறின. ஆனால், லண்டனில் கடல் ஏது? கொண்டுவந்த நீர் குறைந்தது. பழைய நீரையே மறுபடி பயன்படுத்தினால் பவளம் சோர்ந்தது. நீருக்குக் காற்று வேண்டும் என்று ஊகித்த சீமாட்டி, திறந்த ஜன்னல் அருகே நின்று நீரை ஒரு பாத்திரத்திலிருந்து மற்றொன்றுக்கு மாற்றி மாற்றி ஊற்றும்படி ஏற்பாடு செய்தார். அரை மணி, முக்கால் மணி நேரம்! நம் ஊரில் காப்பி ஆற்றுவது போலத்தான். ஆற்றியவர் சீமாட்டி அல்ல. வீட்டு வேலைக்காரச் சிறுமி. களைப்பூட்டும் வேலைதான், ஆனாலும் அவள் அதை விளையாட்டாகவே செய்தாள் என்று சீமாட்டி எழுதி வைத்திருக்கிறார். அந்தச் சிறுமியிடம் கேட்டு எழுதியவர் எவரும் இல்லை.

மறு ஆண்டு சீமாட்டிக்கு இன்னொரு யோசனை உதித்தது. கடலில் பவளம் தனியாகவா வாழ்கிறது? பாறையும் சிப்பியும் கடற்பாசியும் வரவழைத்து உடன் வைத்தார். பாசி நீருக்குப் பிராணவாயு தந்தது. சிறுமியின் கைகளுக்கு ஓய்வு கிடைத்தது. பவளங்கள் ஆண்டுக்கணக்கில் வாழ்ந்ததோடு, பெருகவும் செய்தன. பவளங்கள் பெருகிய வரலாற்றைச் சீமாட்டி 1859-ல் ஓர் இயற்கை ஆராய்ச்சிப் பத்திரிகையில் வெளியிட்டார். அதற்குள் லண்டன் மிருகக்காட்சி சாலை 1853-ல் மீன் மாளிகை திறந்திருந்தது. 1854-ல் ஃபிலிப் கோஸ் என்பவர் எழுதிய நூல் வீட்டுக்கு வீடு தொட்டி மோகத்தைப் பரப்பியிருந்தது.

சீமாட்டிக்கு ஓர் அதிர்ஷ்டமும் துணை நின்றது. டார்க்கி பவளம் குளிர்நீர் வாசி, வெயில் கேட்காது. வெப்பக் கடல்களின் பாறை கட்டும் பவளம் அப்படியல்ல. அதன் உடலுக்குள் நுண்ணிய பாசி குடியிருக்கிறது. கார்ல் பிராண்ட் என்ற ஜெர்மானியர் 1881-ல் அதற்குப் பெயர் வைத்தார். பாசி வெயிலைக் கொண்டு உணவு சமைக்கிறது. பெரும் பங்கைப் பவளத்துக்குப் படைக்கிறது. வெளிச்சம் குறைந்தால் இருவருக்கும் பட்டினி. வெப்பம் மிஞ்சினால் பவளம் பாசியை வெளியே தள்ளி, தானும் வெளுத்துப்போகிறது. அதனால்தான் மேல்நாட்டு வீடுகளுக்குக் கொண்டுபோன வெப்பக் கடல் பவளங்கள் நெடுங்காலம் மாண்டுகொண்டே இருந்தன.

விடை ஆசியாவில் கிடைத்தது. ஜகார்த்தாவின் லீ சின் எங், கடற்பாறைகளை அவற்றின் மீது வாழும் உயிர்களோடு எடுத்துவந்து தொட்டியில் வைத்தார். வெயில் விழ விட்டார். காற்றுக் குமிழி மட்டும் ஓட விட்டார். அந்த முறையை 1961-ல் அமெரிக்கப் பத்திரிகை ஒன்று வெளியிட்டது. பின்னர் பெர்லின் நகரத்து ஸ்டூபர் முதலிய ஆர்வலர்கள் அத்துடன் வலிய விளக்கும் அழுக்கு நுரையைப் பிரிக்கும் கருவியும் சேர்த்தார்கள். முருங்கைப் போத்து போலப் பவளக் கிளையை ஒடித்து நட்டு, வளர்ந்ததை நண்பர்களுக்குக் கொடுத்தார்கள்.

புகுந்த வீட்டில் பெண்தான் வளைந்து கொடுக்க வேண்டும் என்று நாம் தலைமுறை தலைமுறையாகப் போதித்து வருகிறோம். பவளம் அந்தப் போதனையைக் கேட்பதில்லை. வீடுதான் வளைய வேண்டும். புதிதாய் வந்த பவளம் வாடினால், தெரிந்தவர்கள் முதலில் வெளிச்சத்தைத் தணிக்கிறார்கள். வாரக்கணக்கில் மெல்ல மெல்லக் கூட்டுகிறார்கள். தொட்டி நீரைச் சிறிது சிறிதாகத்தான் அதற்குப் பழக்குகிறார்கள். உப்பையும் சூட்டையும் நிலையாக வைக்கிறார்கள். தினம் ஓர் இடத்துக்கு மாற்றாமல் சும்மா விடுகிறார்கள். சும்மா விடுவதுதான் கடினம்!

இதைப் படித்துவிட்டு மன்னார் வளைகுடாவுக்குப் புறப்பட்டுவிடாதீர்கள். சுண்ணாம்புக்காகப் பவளப்பாறைகளை வண்டி வண்டியாக வெட்டிய கரை அது. 2001 முதல் அங்கே பவளத்தை எடுப்பது சட்டப்படி குற்றம்.

2023 ஜூலையில் கதை தலைகீழாயிற்று. தென் ஃபுளோரிடாவின் ஆழமற்ற விரிகுடா ஒன்றில் கடல்நீரின் சூடு 38 டிகிரி செல்சியஸைத் தாண்டியது. பாறைகளை மீண்டும் வளர்ப்பதற்காக அந்தக் கரையோரக் கடலில் நட்டிருந்த பவளக் கிளைகளை, ஆயிரக்கணக்கில், ஆராய்ச்சியாளர்கள் அவசரமாகக் கரைத் தொட்டிகளுக்கு எடுத்து வந்தார்கள். பிறந்த வீடு கொதித்தபோது புகுந்த வீடு அடைக்கலம் தந்தது. எடுத்து வந்த கைகளுக்கு என்ன செய்ய வேண்டும் என்று தெரிந்திருந்தது. அந்தப் பாடத்தின் முதல் வரியை எழுதியவர்கள் இருவர்: ஊசி பிடித்த ஒரு சீமாட்டி, ஜன்னலோரம் நின்று நீர் ஆற்றிய, பெயர் தெரியாத ஒரு சிறுமி.