கணக்கில் சேராத கோல்கள்: பனி ஹாக்கியும் ‘எக்காலத்தும் சிறந்தவர்’ என்னும் வழக்கும்

2025 ஏப்ரல் 6 அன்று நியூயார்க் ஐலண்டர்ஸ் அணிக்கு எதிரான ஆட்டத்தில் வாஷிங்டன் கேப்பிடல்ஸ் அணியின் அலெக்சாண்டர் ஓவெச்கின் தம் 895ஆவது கோலை அடித்தார். வேய்ன் கிரெட்ஸ்கி 1999இல் ஓய்வுபெற்றபோது விட்டுச்சென்ற 894 என்னும் எண் 26 ஆண்டுகளுக்குப் பின் வீழ்ந்தது. ஓவெச்கினுக்கு அது 1,487ஆவது ஆட்டம். கிரெட்ஸ்கி தம் காலம் முழுவதும் ஆடியவையும் மிகச் சரியாக 1,487 ஆட்டங்களே. கதையாசிரியன் எழுதினால் மிகை என்று வெட்டிவிடத்தக்க இந்தப் பொருத்தம், பனி ஹாக்கி உலகின் பழைய வழக்கு ஒன்றை மீண்டும் மன்றத்துக்குக் கொண்டுவந்தது: எக்காலத்தும் சிறந்தவர் யார்?

அந்த வழக்கில் சான்றாக வைக்கப்படும் எண்கள் எங்கிருந்து வருகின்றன என்பதை முதலில் பார்க்கவேண்டும். கனடாவில் ‘ஹாக்கி’ என்று சொன்னாலே அது பனியில் ஆடுவதுதான். புல்தரையில் ஆடுவதற்கே அடைமொழி தேவை. இந்தியாவில் நிலைமை நேர்மாறு. அடைமொழி இல்லாமல் வழங்கும் சொல் எதைக் குறிக்கிறது என்பதை அந்தச் சமூகத்தின் பழக்கமே தீர்மானிக்கிறது. ‘எக்காலத்துச் சாதனை’ என்னும் தொடரும் அப்படிப்பட்டதே. அடைமொழி ஏதுமின்றி அது குறிப்பது தேசிய ஹாக்கி லீகின், அதாவது என்.எச்.எல். அமைப்பின், வழக்கமான பருவ ஆட்டங்களை மட்டுமே. உலகம் என்றும் காலம் என்றும் பேசப்படுவது உண்மையில் ஒரு நிறுவனத்தின் பேரேடு.

என்.எச்.எல். 1917இல் தோன்றியது. தொடக்கத்தில் அதுவே எல்லாமாக இருக்கவில்லை. 1926 வரை மேற்குக் கனடாவின் லீகுகள் ஸ்டான்லி கோப்பைக்காக அதனுடன் மோதின. 1925இல் கோப்பையை வென்றது விக்டோரியா கூகர்ஸ் என்னும் மேற்கத்திய அணி. பின்னர் போட்டியாளர்கள் மறைந்தார்கள், கோப்பை ஒரே லீகின் உடைமையாயிற்று. 1972இல் உலக ஹாக்கி சங்கம் என்ற பெயரில் எதிர்லீக் ஒன்று எழுந்து அந்த ஏகபோகத்தைக் குலைத்தது. சிகாகோவின் பெருநட்சத்திரமான பாபி ஹல் பெருந்தொகைக்கு வின்னிபெக் ஜெட்ஸ் அணிக்குச் சென்றார். டெட்ராயிட்டில் 25 பருவங்கள் ஆடி 1971இல் ஓய்வுபெற்றிருந்த கோர்டி ஹௌ, 1973இல் தம் மகன்கள் மார்க், மார்ட்டி இருவருடனும் ஹூஸ்டன் அணியில் மீண்டும் களமிறங்கினார். 1978இல் 17 வயதுக் கிரெட்ஸ்கி தம் தொழில்முறை வாழ்க்கையைத் தொடங்கியதும் இந்தச் சங்கத்தில்தான். 1979இல் சங்கம் கலைந்து அதன் நான்கு அணிகள் என்.எச்.எல்.இல் சேர்ந்தன. அணிகள் சேர்ந்தன, கோல்கள் சேரவில்லை.

சேர்த்துப் பார்த்தால் என்ன ஆகும்? ஹௌவின் கோல்கள் 801. சங்கத்தில் அடித்த 174ஐக் கூட்டினால் 975. கிரெட்ஸ்கியின் 894உடன் 46 சேர்ந்தால் 940. ஹல்லின் 610உடன் 303 சேர்ந்தால் 913. இக்கணக்கின்படி, 2025 ஏப்ரலில் உலகமே எழுந்து நின்று கைதட்டிய அந்தக் கோல் ஓவெச்கினை நான்காம் இடத்தில்தான் நிறுத்தியிருக்கும். மேலும் ஒரு படி சென்று இரு லீகுகளின் பிளேஆஃப் கோல்களையும் கூட்டினால் மீண்டும் வரிசை மாறுகிறது: ஹௌ 1,071, கிரெட்ஸ்கி 1,072. கிரெட்ஸ்கி 1999 மார்ச்சில் அடித்த கடைசிக் கோல்தான் அந்த ஒற்றை வித்தியாசத்தை உண்டாக்கியது. இரண்டு மனிதர்கள், மூன்று வரையறைகள். மேலே நிற்பவர் ஒவ்வொரு முறையும் மாறுகிறார்.

உலக ஹாக்கி சங்கத்தின் தரம் தாழ்ந்தது, அதன் கோல்களைச் சமமாக மதிக்கலாகாது என்பது இதற்கு எதிராக வைக்கப்படும் வாதம். அதில் உண்மை இல்லாமல் இல்லை. ஆனால் தரத்தைக் காரணம் காட்டினால் அதை எல்லா இடத்திலும் காட்டவேண்டும். மோரிஸ் ரிச்சர்ட் 50 ஆட்டங்களில் 50 கோல் அடித்த 1944–45 பருவத்தில் என்.எச்.எல். வீரர்கள் பலர் இரண்டாம் உலகப்போரில் இருந்தார்கள், அணிகள் மெலிந்திருந்தன. அந்த 50 கோல்களைப் பேரேட்டிலிருந்து நீக்கவேண்டும் என்று எவரும் கோரியதில்லை, கோரவும் கூடாது. நலிந்த பருவம் நிறுவனத்துக்குள் நிகழ்ந்தால் வரலாறு, வெளியே நிகழ்ந்தால் வெறும் ஆட்டம் என்பதுதான் நடைமுறை. கிரிக்கெட்டிலும் இதைக் காணலாம். கெர்ரி பேக்கர் 1977 முதல் 1979 வரை நடத்திய தொடர்களில் அக்காலத்தின் முதன்மையான வேகப்பந்து வீச்சாளர்களை எதிர்கொண்டு எடுக்கப்பட்ட ஓட்டங்கள் டெஸ்ட் கணக்கில் இல்லை.

இந்த நடைமுறையின் முரண் முழுதாக வெளிப்படுவது சிறந்த அறிமுக வீரருக்கான கால்டர் விருதில். 1979–80, கிரெட்ஸ்கியின் முதல் என்.எச்.எல். பருவம். 137 புள்ளிகள் பெற்று மார்செல் டியோனுடன் முதலிடத்தைப் பகிர்ந்தார். அணிக்கு மிகவும் மதிப்புவாய்ந்த வீரருக்கான ஹார்ட் விருதையும் பெற்றார். கால்டர் விருதுக்கு மட்டும் அவர் தகுதியற்றவர் ஆனார். காரணம், முந்தைய ஆண்டு அவர் தொழில்முறை ஆட்டம் ஆடிவிட்டாராம். சங்கத்தில் கழிந்த அந்த ஆண்டு அவரை ‘அறிமுக வீரர்’ என்ற நிலையிலிருந்து நீக்கும் அளவுக்கு மெய். அதில் அடித்த 46 கோல்கள் மட்டும் எண்ணத்தக்க அளவுக்கு மெய்யில்லை.

பத்தாண்டு கழித்து அதே சொல் எதிர்த்திசையில் புரண்டது. சோவியத் லீகில் ஒன்பது முறை புள்ளிப்பட்டியலில் முதலிடம் பெற்ற செர்கேய் மக்காரோவ் 1989இல் கால்கரி அணிக்கு வந்து, 1990இல், 31 வயதில், கால்டர் விருது பெற்றார். உலகச் சாம்பியன் பட்டங்களையும் ஒலிம்பிக் தங்கங்களையும் வென்று முடித்த ஒருவர் ‘அறிமுக வீரர்’ ஆனார்! எதிர்ப்பு எழவே 26 வயது வரம்பு கொண்டுவரப்பட்டது. மக்காரோவின் மாஸ்கோ ஆண்டுகளை அனுபவமாக ஏற்க விதி மறுத்தது. வயதை மட்டும் ஏற்றது.

சோவியத் வீரர்கள் இந்த ஒப்பீட்டில் நிரந்தரமாகத் தொங்கிநிற்கும் கேள்விகள். 1972 செப்டம்பரில் நடந்த எட்டு ஆட்டத் தொடரைக் கனடா எளிதாக வெல்லும் என்றே வட அமெரிக்க எழுத்தாளர்கள் பலர் எழுதினார்கள். மொன்றியலில் முதல் ஆட்டத்தையே சோவியத் அணி 7–3 என வென்றது. நான்கு வெற்றி, மூன்று தோல்வி, ஒரு சமநிலை என்று கனடா தப்பிப் பிழைத்தது, கடைசி ஆட்டத்தின் கடைசி நிமிடக் கோலால். ஆறாவது ஆட்டத்தில் பாபி கிளார்க் மட்டையால் வலேரி கர்லமோவின் கணுக்காலை அடித்தது, எதிரணி அவரை எவ்வளவு உயர்வாக மதித்தது என்பதற்கான கசப்பான சான்று. கர்லமோவ் 1981இல் 33 வயதில் சாலை விபத்தில் இறந்தார். அதே அணியின் கோல் காவலர் விளாதிஸ்லாவ் திரெத்தியாக் 1989இல் டொராண்டோவிலுள்ள புகழ்மன்றத்தில் சேர்க்கப்பட்டார். இருவரும் என்.எச்.எல்.இல் ஆடிய ஆட்டங்கள்: சுழியம்.

இவ்வளவு சொன்னதால் கிரெட்ஸ்கியின் உயரம் குறைந்துவிடாது. 1980களின் தொடக்கத்தில் ஓர் ஆட்டத்தில் இரு அணிகளும் சேர்ந்து சராசரியாக ஏறத்தாழ எட்டுக் கோல்கள் அடித்தன. 2003–04இல் அது ஐந்தைச் சற்றே தாண்டியது. எனவே கிரெட்ஸ்கி மலிவான காலத்தில் குவித்தவர் என்பது பரவலான வாதம். அந்த மலிவு எல்லோருக்கும் பொதுவானது என்பதை இந்த வாதம் மறந்துவிடுகிறது. 1981–82இல் அவர் 92 கோல் அடித்தார். அடுத்த இடத்திலிருந்த மைக் பாஸி 64. கோலும் கோலுக்குத் துணைசெய்த அசிஸ்டும் சேர்ந்த புள்ளிகளில் 212க்கு 147. அவருடைய அசிஸ்டுகள் மட்டுமே 1,963. புள்ளிப்பட்டியலில் இரண்டாமவரான யாரோமிர் யாகரின் கோல்களையும் அசிஸ்டுகளையும் கூட்டினாலும் 1,921தான்.

உடலால் முறிந்தவர்களை இந்தக் கூட்டல் இன்னும் மோசமாகக் கையாள்கிறது. பாபி ஓர் தற்காப்பு வீரர். ஆயினும் 1969–70இலும் 1974–75இலும் முழு லீகின் புள்ளிப்பட்டியலில் முதலிடம் பெற்றார். வேறெந்தத் தற்காப்பு வீரரும் ஒருமுறைகூடச் செய்யாதது அது. முழங்கால்கள் கைவிட, 657 ஆட்டங்களோடு 30 வயதில் முடிந்துபோனார். மரியோ லெமியூவுக்கு 1993 ஜனவரியில் ஹாட்ஜ்கின் புற்றுநோய் கண்டறியப்பட்டது. சிகிச்சை முடிந்து திரும்பி, 60 ஆட்டங்களில் 160 புள்ளிகள் எடுத்து அந்தப் பருவத்தின் முதலிடத்தையும் பிடித்தார். ஆட்டத்துக்கு அவர் சராசரி 1.88, கிரெட்ஸ்கியின் சராசரி 1.92. மொத்தத்திலோ இடைவெளி 1,134 புள்ளிகள்.

ஹெர்ப் கார்னகி பற்றி எண்கள் சொல்ல எதுவும் இல்லை. 1940களில் கியூபெக்கின் லீகுகளில் சிறந்து விளங்கிய கறுப்பினக் கனடியர் அவர். 1948இல் நியூயார்க் ரேஞ்சர்ஸ் அணியின் பயிற்சி முகாமுக்கு அழைக்கப்பட்டும் சிறு லீக் ஒப்பந்தம் மட்டுமே நீட்டப்பட்டது, மறுத்துவிட்டார். கறுப்பினத்தவர் ஒருவர் என்.எச்.எல்.இல் ஆட 1958 வரை, வில்லி ஓரீ வரும்வரை, காத்திருக்கவேண்டியிருந்தது. ஆறே அணிகள் இருந்த அக்காலமே திறன் மிகச் செறிந்திருந்த காலம் என்பவர்கள், அந்தச் செறிவு யாரை வாயிலில் நிறுத்தி வந்தது என்பதையும் சேர்த்துச் சொல்லவேண்டும். 2022இல் கார்னகி புகழ்மன்றத்தில் சேர்க்கப்பட்டார். இறந்து பத்து ஆண்டுகள் ஆகியிருந்தன. சேர்க்கப்பட்டது வீரராக அல்ல, ஆட்டத்தை ‘வளர்த்தவர்’ என்ற பிரிவில்.

பேரேட்டைத் திருத்தவே முடியாது என்பதற்கில்லை. இனப்பிரிவினைக் காலத்தில் இயங்கிய நீக்ரோ லீகுகளை 2020இல் முதன்மை லீகுகளாக ஏற்ற அமெரிக்க பேஸ்பால் நிர்வாகம், 2024இல் அவற்றின் புள்ளிவிவரங்களைத் தன் கணக்கில் சேர்த்தது. மட்டையடிச் சராசரியில் டை காப் வகித்த முதலிடம் ஜாஷ் கிப்ஸனுக்குச் சென்றது. என்.எச்.எல்.இல் அப்படியொரு திருத்தம் நிகழவில்லை.

1979 ஜனவரியில் எட்மண்டனில் உலக ஹாக்கி சங்கத்தின் நட்சத்திர அணி மாஸ்கோ டைனமோவுடன் மூன்று ஆட்டங்கள் ஆடியது. நடுவில் 17 வயதுக் கிரெட்ஸ்கி. அவருடைய இரு பக்கங்களிலும் 50 வயது கோர்டி ஹௌவும் அவர் மகன் மார்க்கும். ஹௌவின் 9ஆம் எண்ணை விரும்பி, அது கிடைக்காததால் 99ஐ அணிந்துகொண்டவர் கிரெட்ஸ்கி. மூன்று ஆட்டங்களையும் சங்க அணி வென்றது. எதிரணியாக வந்த அந்த டைனமோதான் பின்னாளில் ஓவெச்கினை வளர்த்தெடுத்த அணி. அந்த மூன்று இரவுகளில் விழுந்த கோல்கள் 894இலும் இல்லை, 940இலும் இல்லை, 1,072இலும் இல்லை.