எங்கும் போகாத எஞ்சின்

நாகர்கோவில் சந்திப்பில் ரயிலேறுகிறவர்கள் யாரும் அந்த எஞ்சினைத் திரும்பிப் பார்த்து நான் கண்டதில்லை. காலையில் வந்து நின்ற வண்டியிலிருந்து ஜனம் இறங்கிப்போனதும் காலிப் பெட்டிகளைக் கழுவுமிடத்துக்கு இழுத்துக்கொண்டு போகும். சாயங்காலம் அவற்றைத் திரும்பக் கொண்டுவந்து பிளாட்பாரத்தில் விடும். பிறகு பெரிய எஞ்சின் வந்து மாட்டிக்கொள்ளும். கார்டு கொடி காட்டுவார், வழியனுப்ப வந்தவர்கள் கையசைப்பார்கள். அதற்குள் இது யார்டின் ஓரத்துக்குப் போய் உறுமிக்கொண்டு நிற்கும்.

என் தாய்மாமா ரயில்வேயில் பாயிண்ட்ஸ்மேனாக இருந்தவர். பெட்டிகளுக்கு நடுவில் குனிந்து நுழைந்து கப்ளிங் மாட்டுவதும் கழற்றுவதும் அவர் வேலை. சட்டையில் எப்போதும் கிரீஸ் கறை. சின்ன வயதில் ஒருநாள் அவரிடம் கேட்டேன், "மாமா, இந்த எஞ்சின் எந்த ஊருக்குப் போவும்?"

"இது எங்கயும் போவாது மக்கா. மத்தது எல்லாம் போவணும்னா இது இங்க நிக்கணும், பாத்துக்கோ."

அது எந்த வகை எஞ்சின் என்று கேட்கத் தெரியாத வயது. கேட்கத் தெரிந்தபோது அந்த வகைகள் ஒவ்வொன்றாக விடைபெறத் தொடங்கியிருந்தன.

எங்கள் மாவட்டத்துக்கு ரயிலே தாமதமாகத்தான் வந்தது. திருவிதாங்கூரிலிருந்து பிரிந்து தமிழ்நாட்டோடு சேர்ந்தது 1956 நவம்பர் 1இல். 1972இல் இந்திரா காந்தி அடிக்கல் நாட்டி, 1979 ஏப்ரலில்தான் திருவனந்தபுரம் – கன்னியாகுமரி பாதை திறந்தது. 87 கிலோமீட்டர். 1981 ஏப்ரலில் திருநெல்வேலி – நாகர்கோவில் பாதையும் வந்து சேர்ந்தது. இரண்டும் தொடக்கத்திலிருந்தே அகலப்பாதைகள். திருநெல்வேலிக்காரர்கள் மீட்டர்கேஜ் ரயிலைப் பற்றி ஏக்கத்தோடு பேசும்போது எங்களுக்குச் சொல்ல ஒன்றும் இருக்காது.

மூன்று திசைப் பாதைகள் கூடும் இடம் நாகர்கோவில். திருநெல்வேலியிலிருந்து சந்திப்புக்குள் வந்து திருவனந்தபுரம் போகவேண்டிய வண்டி, எஞ்சினைக் கழற்றி மறுமுனையில் மாட்டிக்கொண்டுதான் கிளம்பமுடியும். கன்னியாகுமரியிலோ அதற்குமேல் தண்டவாளமே கிடையாது. அங்கிருந்து திப்ருகருக்கு நாலாயிரம் கிலோமீட்டருக்கு மேல் ஓடும் விவேக் எக்ஸ்பிரஸ் புறப்படுகிறது. அந்த மாதிரித் தொலைதூர வண்டிகளுக்குப் பெட்டிகளைச் சேர்த்துக் கோத்துக் கொடுக்கும் எஞ்சினின் உலகம் சில நூறு மீட்டர்தான்.

எஞ்சின்மீது எழுதியிருக்கும் ஆங்கில எழுத்துகளுக்குப் பொருள் உண்டு. டபிள்யூ என்றால் அகலப்பாதை, டி என்றால் டீசல், எஸ் என்றால் சண்டிங். டபிள்யூ.டி.எஸ்-1 அமெரிக்காவின் ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனத்திலிருந்து இரண்டாம் உலகப்போரின் முடிவில் வந்தது. இந்தியாவின் அகலப்பாதையில் டீசல் முதலில் நிலைபெற்றது விரைவு வண்டிகளில் அல்ல, இந்த யார்டு வேலையில்தான். அதற்குக் காரணமும் உண்டு. நீராவி எஞ்சினுக்கு வேலை இல்லாத நேரத்திலும் அடுப்பு எரிந்துகொண்டே இருக்கவேண்டும். பத்து நிமிடம் தள்ளி, அரைமணி நேரம் காத்து நிற்கும் தொழிலுக்கு அது வீண்செலவு. டீசலை வேண்டாதபோது அணைத்துப்போடலாம்.

1967வாக்கில் மேற்கு வங்கத்தின் சித்தரஞ்சன் தொழிற்சாலை டபிள்யூ.டி.எஸ்-4 வகையைக் கட்டத் தொடங்கியது. அதுவரை அந்த ஆலைக்கு நீராவி எஞ்சின்களே பெரிய அடையாளம். 1950 முதல் 1972 வரை அங்கே 2351 நீராவி எஞ்சின்கள் செய்தார்கள். பிறகு 1994 வரை, குறும்பாதைக்கானவையும் சேர்த்து ஏழு வகைகளில் 842 டீசல் எஞ்சின்கள்.

டபிள்யூ.டி.எஸ்-4ஐப் பார்த்தால் பாதி நீராவி எஞ்சின் போலிருக்கும். ஆறு சக்கரங்கள், அவற்றை இணைக்கும் இரும்புத் தண்டுகள். எஞ்சின் நகரும்போது அந்தத் தண்டுகள் ஏறி இறங்கும். உள்ளே ஜெர்மனியின் மாக் நிறுவன வடிவமைப்பிலான டீசல் எஞ்சின், வகைக்கேற்ப 660 அல்லது 700 குதிரைத்திறன். எடை ஏறக்குறைய 60 டன். எஞ்சினின் விசை சக்கரத்துக்குப் போகும் வழியில்தான் ஓர் இந்தியரின் மூளை இருக்கிறது. மன்மோகன் சூரி என்ற ரயில்வே பொறியாளர் கண்டுபிடித்த விசைமாற்றி அது. நின்ற வண்டியை அசைக்கும்போது எண்ணெயின் சுழற்சி வழியாக மெதுவாக விசை கொடுக்கும். வேகம் பிடித்ததும் நேரடிப் பல்சக்கர இணைப்புக்கு மாறிக்கொள்ளும். தொடக்கத்தில் குலுக்கல் இல்லை, ஓட்டத்தில் விரயம் இல்லை. சூரிக்கு 1961இல் பத்மஸ்ரீயும் 1962இல் பட்நாகர் விருதும் கிடைத்தன. பின்னர் துர்காப்பூர் ஆய்வுக்கூடத்தில் அவர் தலைமையில் உருவானதுதான் ஸ்வராஜ் டிராக்டர். அந்தப் பெயரை நாஞ்சில்நாட்டு வயல்காரர்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

1977வாக்கில் வாரணாசியிலிருந்து டபிள்யூ.டி.எஸ்-6 வந்தது. ஆறு அச்சுகள், ஆறு சிலிண்டர் ஆல்கோ எஞ்சின், ஏறக்குறைய இரண்டு மடங்கு திறன். இதில் இணைப்புத் தண்டு கிடையாது, மின்மோட்டார்கள் சக்கரத்தைச் சுழற்றின. மாமா சென்னைப் பக்கம் ஒரு யார்டில் இருந்தபோது இரண்டு வகைகளோடும் வேலை செய்திருக்கிறார். "சின்னவன் சொன்னபடி கேப்பான். பெரியவனுக்குக் கொஞ்சம் திமிரு உண்டும்" என்பார்.

சுசீந்திரம் மார்கழித் தேரோட்டத்தில் வடம் பிடிப்பவர்களைப் பார்க்கத்தான் கூட்டம் நிற்கும். ஆனால் தேரைத் திருப்புவதும் நிறுத்துவதும் சக்கரத்தடியில் முட்டுக்கட்டை போடும் நாலைந்து பேர். ஒரு விரல்கடை பிசகினால் தேர் வீதியோரத்து வீட்டுத் திண்ணைமேல் ஏறிவிடும். தேர் நிலைக்கு வந்தபின் அவர்கள் கட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு கூட்டத்தோடு கூட்டமாகப் போய்விடுவார்கள். சண்டிங் எஞ்சினும் அந்த வகைதான்.

இப்போது அந்த வேலையே சுருங்கிவிட்டது. சரக்கு வண்டிகளை யார்டுதோறும் பிரித்துக் கோக்கும் பழக்கம் போய், முழு வண்டியும் புறப்பட்ட இடத்திலிருந்து சேருமிடத்துக்கு அப்படியே போகிறது. 2024 ஆகஸ்ட் 31 முதல் சென்னை எழும்பூருக்கும் நாகர்கோவிலுக்கும் இடையே ஓடும் வந்தே பாரத்துக்கு இரு முனையிலும் ஓட்டுநர் அறை. எஞ்சினைக் கழற்றி மாட்டும் பேச்சே இல்லை. மிச்சமிருக்கும் தள்ளுவேலைக்கு, மின்மயமானதால் வேலையிழந்த பெரிய டீசல் எஞ்சின்களே வந்துவிட்டன. இந்த வேலைக்கென்றே பிறந்தவற்றுக்குப் பழைய இரும்பு விலை.

நம்மிடம் காப்பாற்றும் வழக்கம் இல்லை என்று சொல்லமாட்டேன். டெல்லி தேசிய ரயில் அருங்காட்சியகம் 1977இல் திறந்தது, பெரம்பூரில் 2002இல் ஒன்று, திருச்சியில் 2014இல் ஒன்று. வாரணாசி 1964இல் கட்டிய முதல் டீசல் எஞ்சினுக்குக் குந்தன் என்று பெயரே உண்டு. நீலகிரி ரயில் 2005இல் உலகப் பாரம்பரியச் சின்னமானது. ஆனால் கூட்டம் புகையைத்தான் தேடுகிறது. பிரிட்டனில் வேறொரு வழி கண்டார்கள். அங்கே 1952 முதல் 1962 வரை 08 என்ற ஒரே வகையில் 996 சண்டிங் எஞ்சின்கள் கட்டினார்கள். அவற்றில் பல இன்று ஆர்வலர்கள் நடத்தும் பாரம்பரிய ரயில்களில் இருக்கின்றன. காட்சிக்கு அல்ல, பழைய நீராவி எஞ்சின்களைத் தள்ளி வைக்கும் அதே பழைய வேலைக்கு.

டீசல் எஞ்சினைக் காப்பதற்கு அதுதான் சரியான வழி என்று நினைக்கிறேன். மேடையில் ஏற்றிப் புதுப் பெயின்ட் அடித்துவிட்டால் அது கதவு சாத்திய இரும்புப்பெட்டி. ஓடாமல் நின்றால் ரப்பர் வளையங்கள் காய்ந்து வெடிக்கும், பிஸ்டன் வளையங்கள் துருவேறி ஒட்டிக்கொள்ளும். ஒரு டபிள்யூ.டி.எஸ்-4ஐயாவது ஓடும் நிலையில் வைக்கவேண்டும். பக்கத்தில் சூரியின் விசைமாற்றியைக் குறுக்காக வெட்டித் திறந்துவைக்கவேண்டும். பாலிடெக்னிக் பிள்ளைகள் வந்து பார்க்கட்டும்.

போன மாதம் இதையெல்லாம் மாமாவிடம் சொன்னேன். எழுபதைத் தாண்டிவிட்டார். காது கொஞ்சம் மந்தம்.

"எஞ்சின வச்சு என்ன செய்யதுக்கு?" என்றார். "முன்னால நிண்ணு கொடி காட்டுக ஆளு இல்லேண்ணா அது நவுராதுலா?"

"கொடிய எப்பிடி காட்டணும்னு எழுதி வச்சிரலாம் மாமா."

"எழுதி வச்சா போருமா? எந்திச்சு நில்லு."

திண்ணையிலிருந்து தோர்த்தை எடுத்துக்கொண்டு முற்றத்தில் இறங்கினார். தோர்த்தை மெதுவாக மேலும் கீழும் அசைத்தார். அப்பால் போ. பிறகு உடம்புக்குக் குறுக்கே இந்தப்பக்கமும் அந்தப்பக்கமும். என் பக்கம் வா. பத்தடி தூரத்தில் நின்ற நான் அடிமேல் அடிவைத்து அவரை நோக்கிப் போனேன். கண் என் கால்மேலேயே இருந்தது. ஒரு முழத் தூரத்தில் கை சட்டென்று நின்றது. நானும் நின்றேன்.

"இப்பம் கப்ளிங் மாட்டலாம்" என்றார். "ஒரு அடி கூட வந்திருந்தா, நடுவுல நிக்கவன் செத்தான்."

தோர்த்தை உதறித் தோளில் போட்டுக்கொண்டு உள்ளே போனார். காப்பாற்றவேண்டியவற்றின் பட்டியலில் அந்தக் கையையும் சேர்த்துக்கொண்டேன். எஞ்சினுக்காவது உதிரி பாகம் செய்துகொள்ளலாம்.