ரேஷன் கடை உரிமம்: பணம் கொடுத்து ஏமாறாதீர்கள்

"ரேஷன் கடை உரிமம் வாங்கித் தருகிறேன்" என்று யாராவது பணம் கேட்டால் நம்ப வேண்டாம். திருப்பூர் முதலிபாளையம் போன்ற தமிழகக் கிராமங்களில் நியாயவிலைக் கடைகளைப் பெரும்பாலும் கூட்டுறவுச் சங்கங்களே நடத்துகின்றன. தனியார் வியாபாரிக்கு உரிமம் கிடையாது. விற்பனையாளர், கட்டுநர் பணிக்கு மாவட்ட ஆள்சேர்ப்பு நிலையம் அறிவிக்கும்போது நேரடியாக விண்ணப்பியுங்கள்.

உரிமத் தகராறு நீதிமன்றம் வரை போவது, தனிநபருக்குக் கடை ஒதுக்கும் உத்தரப்பிரதேசம் போன்ற மாநிலங்களில்தான். அங்கு உரிமம் ரத்தானால், 2015 பொது விநியோகக் கட்டுப்பாட்டு ஆணைப்படி 30 நாட்களுக்குள் மேல்முறையீடு செய்ய வேண்டும். அந்தக் கடை அதற்குள் வேறொருவருக்கு முறைப்படி ஒதுக்கப்பட்டிருந்தால், அவரையும் வழக்கில் சேர்த்து விசாரிக்க வேண்டும் என்று 2022-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

நம் ஊர்க் கடையில் எடை குறைந்தாலோ பொருள் மறுத்தாலோ 1967 எண்ணில் புகார் செய்யுங்கள்.