கருப்பநீர் புளிக்காமல் இருக்க எந்தக் குளிர்ப்பெட்டி?

அரியாலையில் விடியப்புறம் பனையிலிருந்து இறக்கும் கருப்பநீர் பத்து மணிக்கு ஒரு சுவை, மத்தியானத்தில் இன்னொரு சுவை. முட்டியில் சுண்ணாம்பு சரியாகத் தடவியிருந்தாலும் முப்பது பாகை வெயிலில் அது நெடுநேரம் பொறுத்துக் கொண்டிருக்காது. என் தம்பி சீவல் தொழில் செய்கிறான். அவன் இறக்குவதை வடித்து, போத்தலில் அடைத்து, கண்டி வீதியோரம் விற்பது என் வேலை. பருவத்தில் ஒரு நாளைக்கு இருபது, இருபத்தைந்து லீற்றர் வரும். விற்றது போக மிஞ்சுவதை என்ன செய்வது என்பதுதான் எப்போதும் பிரச்சினை. பாணி காய்ச்சலாம். ஆனால் விறகும் நேரமும் போனபின் கையில் நிற்பது சொற்பம்.

ஆகவே குளிர்ப்பெட்டி வாங்கினேன். முதலில் பிழையானதை வாங்கினேன். இந்தத் தொழிலுக்கென்று பெட்டி வாங்க நினைக்கும் சிலர் அண்மையில் என்னிடம் விபரம் கேட்டார்கள். அவர்களில் பலர் தனியே குடும்பத்தைக் கொண்டு நடத்தும் பெண்கள். கடன் எடுத்து வாங்கப் போகிறவர்கள். அவர்களுக்குச் சொன்னதை இங்கே எழுதுகிறேன்.

2021 இல் நான் வாங்கியது கடைகளில் சோடா அடுக்கி வைக்கும் கண்ணாடிக் கதவுப் பெட்டி. நகரில் ஒரு கடையில் இருபத்து நான்கு மாதத் தவணை. விற்றவர் “இதுக்குள்ள வச்சா ஒரு கிழமை இருக்கும் அக்கா” என்றார். முதல் நாள் இருபது லீற்றரைக் காலை ஏழரைக்கு வைத்தேன். மத்தியானம் தொட்டுப் பார்த்தால் இன்னும் இளஞ்சூடு. பின்னேரம் மூடியைத் திறக்க நுரை பொங்கியது. பெட்டியில் பழுதில்லை. அது செய்யக்கூடிய வேலையைத்தான் செய்தது. அதனிடம் நான் கேட்ட வேலைதான் பிழை.

கணக்கு இதுதான். இருபது லீற்றரை முப்பது பாகையிலிருந்து நான்கு பாகைக்கு இறக்க ஏறத்தாழ 2,170 கிலோஜூல் வெப்பத்தை வெளியே எடுக்க வேண்டும். வீட்டுப் பாவனைக்கான சிறிய கொம்பிறசர் ஒரு செக்கனுக்கு நூறு, நூற்றைம்பது ஜூல் அளவில்தான் வெப்பத்தை இழுக்கும். வேறு எந்த இழப்பும் இல்லையென்று வைத்துக்கொண்டாலும் நான்கிலிருந்து ஆறு மணித்தியாலம். கான்களுக்குள் இருக்கும் நீரைக் காற்று மெதுவாகத்தான் குளிர்விக்கும் என்பதால் உண்மையில் பத்து மணித்தியாலத்துக்கும் மேல் போகும். நொதியம் அவ்வளவு நேரம் காத்திருக்காது. குளிர்ந்ததைக் குளிராகவே வைத்திருக்கத்தான் வீட்டுக் குளிர்ப்பெட்டி. சூடானதைச் சுறுக்காகக் குளிர்விக்க அதனால் முடியாது. இதை யாரும் எனக்குச் சொல்லவில்லை.

விடை கனடாவில் இருக்கும் அத்தானிடமிருந்து வந்தது. அவர் வீட்டு நிலவறையில் பியர் காய்ச்சுகிறவர். சொந்தப் பாவனைக்கு அங்கே அது சட்டப்படி சரி. இங்கே சரியில்லை. 1912 ஆம் ஆண்டின் 8 ஆம் இலக்க மதுவரிக் கட்டளைச் சட்டத்தின் கீழ் அனுமதிப்பத்திரம் இல்லாமல் மதுசாரம் தயாரிப்பது குற்றம். வெளிநாட்டிலிருந்து விடுமுறைக்கு வந்து, அங்கே செய்வதை இங்கேயும் செய்து பார்க்க ஆசைப்படும் தம்பிமாருக்கும் இது பொருந்தும். கருப்பநீர் விற்கும் எங்களுக்கும் இந்தக் கோடு மிகக் கிட்ட இருக்கிறது. காலையில் கருப்பநீராக இருந்தது பின்னேரம் கள்ளாகிவிட்டால், அதைத் தவறணை அனுமதியில்லாமல் விற்றவள் நான். குளிர் எனக்குச் சுவைக்காக மட்டும் தேவைப்படவில்லை.

அத்தானின் சிக்கல் எங்களுடையதற்குத் தலைகீழ். அவருக்கு நொதிக்க வேண்டும், ஆனால் ஓடிப்போய் நொதிக்கக் கூடாது. லாகர் வகைப் பியருக்கு எட்டிலிருந்து பன்னிரண்டு பாகை, ஏல் வகைக்குப் பதினெட்டு, இருபது. அதற்கு மேலே போனால் சுவை கெடும். சாதாரணப் பிறிட்ஜ் அவ்வளவு வெப்பநிலையில் நிற்காது, பிறீசர் அதைவிட மோசம். அதனால் அவர்கள் ஐஸ்கிறீம் கடைகளில் இருக்கும் மேல்மூடிப் பிறீசரை வாங்கி, வெளியே ஒரு வெப்பநிலைக் கட்டுப்பாட்டுக் கருவியைப் பொருத்தி விடுகிறார்கள். கருவியின் உணரி பெட்டிக்குள் இருக்கும். சொன்ன பாகை வந்ததும் கருவி பிறீசருக்குப் போகும் மின்சாரத்தை நிறுத்தும், ஏறினால் திரும்பக் கொடுக்கும். மறை பதினெட்டில் உறையவைக்கும் பெட்டி இப்படி எந்தப் பாகையிலும் நிற்கும். நாங்கள் அதை இரண்டில் நிறுத்துகிறோம். கருப்பநீரில் சீனி இருப்பதால் பூச்சியத்திற்கும் சற்றுக் கீழேதான் உறையும். இரண்டு பாகை பாதுகாப்பான இடம்.

அந்தக் கருவி சின்னச் சாமான். எஸ்.ரி.சி. 1000 என்ற வகை பரவலாகக் கிடைக்கிறது. மின்சார வேலை தெரிந்த ஒருவரிடம் கொடுத்துப் பொருத்துங்கள். ஈரமான இடம், மண்ணிணைப்பும் ரிப் சுவிற்சும் இல்லாமல் செய்யக்கூடாது. உணரியைக் காற்றில் தொங்கவிட வேண்டாம். ஒரு தண்ணீர்ப் போத்தலோடு சேர்த்து ஒட்டிவிடுங்கள். காற்றில் விட்டால் மூடியைத் திறக்கும் ஒவ்வொரு தடவையும் கொம்பிறசர் ஓடும். தாமத நேரம் என்று ஒரு அமைப்பு அதில் உண்டு, அதை ஐந்து நிமிடத்தில் வையுங்கள். நின்ற கொம்பிறசர் உடனே திரும்ப ஓட முயன்றால் அதன் சுருள் எரியும். பொதுவாக இங்கே கொம்பிறசர் சாவது கரண்ட் போய்ப் போய் வரும் நாட்களில்தான்.

மேல்மூடிப் பெட்டியை நான் சொல்வதற்கு இன்னொரு காரணம் உண்டு. குளிர்காற்று கனமானது. நிமிர்ந்த பெட்டியின் கதவைத் திறந்தால் அது காலடியில் கொட்டிப்போகும். மேல்மூடியில் அது கிணற்றுத் தண்ணீர் மாதிரி உள்ளேயே நிற்கும். சுவரும் தடிப்பு. 2022 மார்ச் கடைசியில் நாளுக்குப் பதின்மூன்று மணித்தியாலம் மின்வெட்டு அறிவித்தபோது என் கண்ணாடிக் கதவுப் பெட்டி வெறும் அலுமாரியாக நின்றது. தவணை மட்டும் ஓடியது. இப்போதைய பெட்டியில் இருபது லீற்றர் இரண்டு பாகையில் இருக்கையில் கரண்ட் போனால் மணித்தியாலத்திற்கு ஏறத்தாழ ஒரு பாகைதான் ஏறுகிறது. உள்ளே ஒவ்வொரு லீற்றரில் இரண்டு ஐஸ் போத்தல் வைத்திருந்தால், அவை உருகி முடிய ஆறேழு மணித்தியாலம் செல்லும். அதுவரை பெரிதாக ஏறாது. மூடியைத் திறந்து பார்க்காமல் இருக்க வேண்டும், அவ்வளவுதான். பார்க்காமல் இருப்பதுதான் கஷ்டம்.

இனி அந்தக் காலை வேலை. ஒரு லீற்றர் பிளாஸ்ரிக் போத்தல்கள் ஐந்தில் பத்தில் ஒரு பங்கு வெறுமையாக விட்டுத் தண்ணீர் நிரப்பி (உறையும்போது அந்தளவு பெருக்கும்) இரவு முழுவதும் உறைய விடுகிறேன். வீட்டிலிருக்கும் பழைய பிறிட்ஜின் ஐஸ் பெட்டிக்குள் நெருக்கி அடுக்கினால் ஐந்தும் பிடிக்கும். விடிய, போத்தல்களின் வெளிப்புறத்தைக் கழுவி, கொதித்தாறிய தண்ணீரில் அலசி, வடித்த கருப்பநீர் இருக்கும் எவர்சில்வர் பாத்திரத்துக்குள் அப்படியே இறக்கிக் கலக்குவேன். நாலரைக் கிலோ ஐஸ் இருபது லீற்றரை முப்பதிலிருந்து பத்துப் பாகைக்குக் கிட்டக் கொண்டுவரும். முக்கால் மணித்தியாலம் போதும். பகலில் பத்து மணித்தியாலம் எடுத்த வேலையை இரவிலேயே செய்துவைத்து, காலையில் ஒரேயடியாகச் செலவழிக்கிறோம். அதன்பிறகு மிச்ச எட்டுப் பாகையை இறக்குவது பெட்டிக்குப் பெரிய காரியமல்ல. இப்படிச் செய்தால் என் அனுபவத்தில் இரண்டு நாள் சுவை மாறாமல் இருக்கிறது. மூன்றாம் நாள் நான் விற்பதில்லை.

கண்ணாடிப் போத்தல் வேண்டாம். ஒரு லீற்றர் கருப்பநீரில் நூறு கிராமுக்கு மேல் சீனி உண்டு. அது முழுவதும் நொதித்தால் முப்பது லீற்றர் அளவு வாயு வெளியாகும். இறுக மூடிய கண்ணாடிப் போத்தல் வெயிலில் மறந்து கிடந்தால் என்னவாகும் என்று சொல்லத் தேவையில்லை. எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் சத்தத்துக்குப் பயப்பட்டது போதும். பிளாஸ்ரிக் போத்தலை அமத்திப் பார்த்தால் கல்லுப்போல இருந்தால் அது கெட்டது. பரிசோதனைக் கருவி வேறு தேவையில்லை.

எவ்வளவு பெரிய பெட்டி? நூறு லீற்றர் என்று எழுதியிருப்பதில் ஐந்து லீற்றர்க் கான்களாக ஐம்பது, அறுபது லீற்றர்தான் அடுக்கலாம், கொம்பிறசர் மேடும் இடம் பிடிக்கும். எங்களுக்கு அதுவே தாராளம். முந்நூறு லீற்றர்ப் பெட்டியைக் கடைக்காரர் காட்டுவார், தவணையில் மாதத்துக்குச் சின்ன வித்தியாசம்தானே என்பார். பருவம் தை, மாசியில் தொடங்கி ஆடியோடு முடியும். தவணை பன்னிரண்டு மாதமும் வரும். நுண்கடன் கட்ட இன்னொரு நுண்கடன் எடுத்த கதைகள் எங்கள் பக்கத்தில் எத்தனை! மின்கட்டணத்தையும் பாருங்கள். உறையவைக்கும் வேலையில் ஒரு சிறிய பிறீசர் நாளுக்கு ஒரு யூனிற் அளவு எடுக்கும். இரண்டு பாகையில் நிறுத்தினால் அதைவிடக் குறையும். ஆனாலும் மாதத்துக்கு அறுபது யூனிற்றைத் தாண்டும் வீட்டுக்குக் கட்டண அட்டவணையே வேறு. ஐம்பதில் நிற்கும் வீடு இதனால் அந்தக் கோட்டைத் தாண்டினால், பெட்டியின் செலவு பெட்டி எடுத்த யூனிற்றோடு நிற்காது. வாங்கமுதல் கடைசி மூன்று மாத பில்லை எடுத்துப் பாருங்கள்.

பெட்டியின் பின்பக்கத் தகட்டில் இரண்டு விடயம் பார்க்க வேண்டும். ஒன்று காலநிலை வகுப்பு. ஆங்கில எழுத்து ‘என்’ என்றால் 32 பாகை வரையான அறைக்கு, ‘எஸ்.ரி’ 38 வரை, ‘ரி’ 43 வரை. தகரக் கூரையின் கீழ் வைக்கப் போகிறவர் ‘ரி’ இல்லாததை வாங்கக்கூடாது. மற்றது வாயு. ஆர் 600ஏ என்றிருந்தால் அது எரியக்கூடியது. அளவு சிறியதுதான், பாவிப்பவருக்குப் பயமில்லை. ஆனால் திருத்த வருபவர் அது தெரிந்தவராக இருக்க வேண்டும். பழைய ஆர் 12 என்றிருந்தால் விட்டுவிடுங்கள், அந்த வாயு ஓசோன் படைக்காகக் கைவிடப்பட்டது.

பழைய பெட்டி வாங்குவதில் பிழையில்லை. என்னுடையதும் பழையதுதான். விற்பவர் வீட்டுக்கே போய், இரண்டு, மூன்று மணித்தியாலம் ஓடவிட்டு, உள்ளே ஒரு தம்ளர் தண்ணீர் வைத்துப் பாருங்கள். மூடியின் றப்பருக்குள் ஒரு கடதாசித் துண்டை வைத்து மூடி இழுங்கள், வழுக்கி வந்தால் றப்பர் போய்விட்டது. அடிப்பக்கத் துருவை முழந்தாளில் இருந்து பார்க்க வெட்கப்பட வேண்டாம். மேல்மூடிப் பெட்டிகளில் வெப்பம் வெளியேற்றும் குழாய் சுவருக்குள் புதைந்திருக்கும். அது துருப்பிடித்து ஓட்டை விழுந்தால் திருத்த வழியில்லை. கிழக்கு அரியாலையில், கடல்நீரேரிக் காற்று படும் வீடுகளில், இது நான்கைந்து வருடத்திலேயே தொடங்கிவிடும். கதவு, யன்னலுக்கு நேரே வைக்காதீர்கள். சுவரிலிருந்து ஒரு சாண் விட்டு, இரண்டு கல்லின் மேல் வையுங்கள். குழாயைத் துருவில் இழந்தால் பரவாயில்லை என்றார் எங்கள் திருத்துநர். 1995 இடப்பெயர்வுக்குப் பிறகு திரும்பி வந்தபோது அவர் வீட்டுப் பிறிட்ஜில் செப்புக் குழாய், கொம்பிறசர் இரண்டும் இல்லை, பெட்டி மட்டும் வாசலில் கோழிக்கூடாக நின்றதாம்.

மின்சாரமே இல்லாத அந்தத் தொண்ணூறுகளில் இன்சுலின் குப்பியை ஈரமணலில் புதைத்த மண்பானைக்குள் வைத்தவர்கள் நாங்கள். நீர் ஆவியாகும்போது பானை குளிரும் என்பதே அதன் சூட்சுமம். சோளகக் காற்று உலர்வாக வீசும் மாதங்களில் இப்போதும் அது வேலை செய்யும். அறை வெப்பத்தை விடச் சில பாகை குறையும், அதற்கு மேல் இல்லை. கருப்பநீரை அது காப்பாற்றாது. கரண்ட் போன நாளில் வடித்ததைப் பெட்டிக்குப் போகும்வரை நிழலில் வைத்திருக்க உதவும்.

இரண்டு பாகையில் ஓடும் பெட்டியின் அடியில் ஈரம் தேங்கும். கிழமைக்கு ஒருமுறை துடைக்காவிட்டால் பூஞ்சணம் பிடித்து அடுத்த நாள் கருப்பநீரில் மணக்கும். வெந்நீரும் அப்பச்சோடாவும் போதும், வாசச் சவர்க்காரம் வேண்டாம். ஆடி முடிந்து தம்பி ஏணியைக் கழற்றியதும் நானும் வயரைக் கழற்றி, உள்ளே காயவிட்டு, மூடிக்கு நடுவில் ஒரு தும்புத்தடிக் கட்டையைக் கொடுத்து வைத்துவிடுவேன். தை வரை அது திறந்தபடியே இருக்கும்.