தென்காசி – குற்றாலம் வட்டாரத்தில் அம்பாசிடர் டீசல் கார்

அம்பாசிடர் டீசல் கார் என்பது இந்துஸ்தான் மோட்டார்ஸ் நிறுவனம் மேற்கு வங்கத்தின் உத்தரபாராவில் தயாரித்த அம்பாசிடர் காரின் டீசல் வகையாகும். 1980-இல் விற்பனைக்கு வந்த இது இந்தியாவின் முதல் டீசல் காராகக் கருதப்படுகிறது. தமிழ்நாட்டின் மற்ற சிற்றூர்களைப் போலவே தென்காசி, குற்றாலம், செங்கோட்டை ஆகிய மலையடிவார ஊர்களிலும் வாடகைக் கார் என்றால் அம்பாசிடர் என்ற நிலை நெடுங்காலம் இருந்தது.

வேகத்திலோ சொகுசிலோ இந்தக் காருக்குப் பெயர் இல்லை. அடிக்கடி பழுதாகும் வண்டி என்பதும் உண்மை. ஆனாலும் பல வண்டிகள் இருபது, முப்பது ஆண்டுகள் ஓடின. பழுது வந்தால் உள்ளூரிலேயே, சிறிய பட்டறையில், சிறுகச் சிறுகச் செலவு செய்து சரிப்படுத்த முடிந்ததே அதற்குக் காரணம். அந்தச் சிக்கன முறை எவ்வாறு இயங்கியது, ஏன் முடிவுக்கு வந்தது என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

காரின் தோற்றம்

இந்துஸ்தான் மோட்டார்ஸ் 1942-இல் பி. எம். பிர்லாவால் குஜராத்தின் ஓகா துறைமுகத்தில் தொடங்கப்பட்டது. 1948-இல் உத்தரபாராவுக்கு மாறியது. இங்கிலாந்தின் மாரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு மூன்றாம் வரிசைக் காரை அடிப்படையாகக் கொண்டு 1957-58 காலத்தில் அம்பாசிடர் வெளிவந்தது. இங்கிலாந்தில் அந்த வரிசை சில ஆண்டுகளில் நின்றுவிட்டது. இந்தியாவிலோ முகப்பும் உள்ளமைப்பும் அவ்வப்போது மாறினாலும், வண்டியின் அடிப்படை அமைப்பு அரை நூற்றாண்டுக்கு மேல் மாறவில்லை.

இந்த மாறாத தன்மை தொழில்நுட்பத்தில் தேக்கம்தான். ஆனால் பட்டறைக்காரருக்கு அது வசதியாக அமைந்தது. ஒரு முறை கற்ற வேலை ஆயுள் முழுவதும் பயன்பட்டது. பழைய வண்டியிலிருந்து கழற்றிய பல பாகங்களை வேறொரு வண்டியில் பொருத்த முடிந்தது. அதே காலத்தில் சென்னையைச் சுற்றி வாகன உதிரிபாகத் தொழிலும் வளர்ந்தது. இந்தியா பிஸ்டன்ஸ் 1949-இலும், லூகாஸ் டி.வி.எஸ். 1961-இலும், பிரேக்ஸ் இந்தியா 1962-இலும் தொடங்கப்பட்டன. பெங்களூரில் 1951-இல் தொடங்கிய மைக்கோ நிறுவனத்தின் பெயர் டீசல் பம்ப், நாசில் வேலை செய்யும் கடைகளின் பலகைகளிலேயே இடம்பெறும் அளவுக்குப் பழகிப்போனது. மதுரை, திருநெல்வேலி போன்ற நகரங்களில் உதிரிபாகக் கடைகள் பெருகின.

டீசலுக்கு மாறிய காலம்

1973, 1979 ஆகிய ஆண்டுகளின் உலக எண்ணெய் நெருக்கடிகளுக்குப் பின் பெட்ரோல் விலை கடுமையாக உயர்ந்தது. லாரி, பேருந்து, விவசாயப் பம்புசெட் ஆகியவற்றின் எரிபொருள் என்பதால் டீசல் விலையை அரசு தாழ்வாக வைத்திருந்தது. இந்த விலை வேறுபாடே டீசல் காருக்கு வழி திறந்தது.

1980-இல் வந்த எஞ்சின் 1,489 சி.சி. கொள்ளளவும் 37 குதிரைத்திறனும் கொண்டது. ஒரு டன்னுக்கு மேல் எடையுள்ள வண்டிக்கு இது குறைந்த சக்தியே. செங்கோட்டையிலிருந்து புளியரை வழியாக ஆரியங்காவு நோக்கி ஏறும் சாலையில், ஆள் நிறைந்த வண்டி கீழ் கியரிலேயே மெல்ல ஏற வேண்டியிருந்தது. எஞ்சின் சூடேறாமல் பார்த்துக்கொள்வது ஓட்டுநரின் முதல் கவலை. ஆயினும் ஒரு கிலோமீட்டருக்கு ஆகும் செலவு குறைவு என்பதால் வாடகைத் தொழிலில் டீசல் வண்டியே வென்றது.

தொழிற்சாலையிலிருந்து டீசல் எஞ்சினோடு வந்த கார்களைத் தவிர, பெட்ரோல் எஞ்சினைக் கழற்றிவிட்டு மேட்டடார் வேனின் டீசல் எஞ்சினைப் பொருத்திய அம்பாசிடர்களும் ஓடின. இவ்வாறு எஞ்சினையும் எரிபொருளையும் மாற்றினால் பதிவுச் சான்றிதழில் அதைச் சேர்க்க வேண்டும் என்பது மோட்டார் வாகனச் சட்டத்தின் விதி.

வட்டாரமும் பருவமும்

தென்காசியிலிருந்து குற்றாலம் சுமார் 5 கிலோமீட்டர். பேரருவி, ஐந்தருவி, பழைய குற்றாலம், புலியருவி எனப் பல இடங்கள் சிறு சிறு தொலைவில் பிரிந்து கிடப்பதால், குடும்பத்தோடு வருபவர்களுக்கு வாடகைக் கார் தேவைப்படுகிறது. தென்மேற்குப் பருவக்காற்று வீசும் ஜூன் முதல் செப்டம்பர் வரை குற்றாலச் சீசன். பின்னர் நவம்பர் முதல் ஜனவரி வரை சபரிமலை செல்லும் பக்தர்கள் அருவியில் நீராடிவிட்டுச் செங்கோட்டை வழியாகக் கேரளத்துக்குள் செல்வர்.

ஆக, இவ்வட்டார வாடகைக் காருக்கு வருமானம் ஆண்டு முழுவதும் சீராக வருவதில்லை. பழுது மட்டும் எல்லா மாதங்களிலும் வரும். எஞ்சினைப் பிரிக்கும் பெரிய வேலைகளுக்கு பிப்ரவரி முதல் மே வரையிலான இடைவெளியே ஏற்றது. சீசன் நடுவில் வண்டி ஒரு வாரம் பட்டறையில் நின்றால், பழுதுச் செலவைவிட இழந்த வாடகையே பெரிய நட்டமாகும்.

எரிபொருள் மிச்சமும் எஞ்சின் செலவும்

டீசல் வண்டியின் பொருளாதாரத்தை ஒரு எடுத்துக்காட்டால் விளங்கிக்கொள்ளலாம். கணக்குக்காக, பெட்ரோல் லிட்டர் 10 ரூபாய் என்றும் வண்டி லிட்டருக்கு 10 கிலோமீட்டர் ஓடும் என்றும் வைத்துக்கொண்டால், ஒரு கிலோமீட்டருக்கு 1 ரூபாய் ஆகிறது. டீசல் லிட்டர் 6 ரூபாய், வண்டி 12 கிலோமீட்டர் ஓடும் என்றால், கிலோமீட்டருக்கு 50 பைசா. தென்காசியிலிருந்து திருநெல்வேலி சென்று திரும்ப ஏறத்தாழ 110 கிலோமீட்டர். இந்த ஒரு சவாரியில் மட்டும் 55 ரூபாய் மிச்சம். ஆண்டுக்கு 30,000 கிலோமீட்டர் ஓடும் வண்டிக்கு மிச்சம் 15,000 ரூபாய்.

ஆனால் இந்தத் தொகை முழுவதும் லாபம் ஆகாது. டீசல் எஞ்சினில் தீப்பொறி இல்லாமல், காற்றை மிகுதியாக அழுத்திச் சூடேற்றித்தான் எரிபொருள் எரிக்கப்படுகிறது. ஆகவே பிஸ்டன், ரிங், பேரிங் ஆகியவை தாங்கும் அழுத்தம் அதிகம். பம்ப்பும் நாசிலும் நுட்பமான பாகங்கள்; அவற்றைச் சரிபார்க்கத் தனிக் கருவி வேண்டும். எரிபொருளில் மிச்சமான பணத்தின் ஒரு பகுதி, என்றாவது ஒரு நாள் எஞ்சினுக்கே திரும்பப் போக வேண்டும். அதை ஒதுக்கி வைத்த உரிமையாளருக்கு வண்டி சோறு போட்டது. முழுவதையும் வருமானமாக எண்ணிச் செலவழித்தவர், எஞ்சின் வேலை வந்த நாளில் கடன் வாங்க நேர்ந்தது.

சிக்கனமாகப் பழுதுபார்க்கும் முறை

கருவிகள் குறைந்த பட்டறையில் நோயைக் கண்டறிய முதலில் உதவியது புகையின் நிறம். கரும்புகை வந்தால் எரிபொருள் அளவுக்கு மேல் போகிறது அல்லது காற்று போதவில்லை. காற்று வடிகட்டியையும் நாசிலையும் பார்க்க வேண்டும். நீலப்புகை வந்தால் எஞ்சின் ஆயில் எரிகிறது, ரிங் தேய்ந்திருக்கலாம். வெண்புகை நிற்காமல் வந்தால் டீசல் முழுதாக எரியவில்லை, அல்லது ஹெட் கேஸ்கட் வழியாக ரேடியேட்டர் தண்ணீர் சிலிண்டருக்குள் இறங்குகிறது என்று பொருள்.

காலையில் வண்டி கிளம்ப மறுத்தால், எஞ்சினையே குறை சொல்வதற்கு முன் பார்க்க வேண்டியவை சில உண்டு. ஹீட்டர் பிளக் சூடேறுகிறதா, பாட்டரியில் போதிய மின்சாரம் உள்ளதா, டீசல் குழாயில் காற்றுப் புகுந்துள்ளதா என்பவை அவை. குழாய் இணைப்பைச் சற்றுத் தளர்த்தி, குமிழி நிற்கும் வரை டீசலை வெளியேற்றினால் காற்று நீங்கிவிடும். இதைச் சாலையோரத்தில் ஒரு ஸ்பேனரைக் கொண்டே ஓட்டுநர் செய்துகொள்ள முடிந்தது.

பெரிய வேலைகளுக்கும் படிகள் இருந்தன. ரிங் மட்டும் மாற்றுவது முதற்படி. சிலிண்டர் தேய்ந்திருந்தால் ரீபோர் செய்து, அளவில் சற்றுப் பெரிய பிஸ்டன் போடுவது அடுத்த படி. அதற்கும் மேல் தேய்ந்தால் ஸ்லீவ் அடித்து மீண்டும் பழைய அளவுக்குக் கொண்டுவரலாம். இவ்வாறு ஒரே எஞ்சின் பல முறை மறுவாழ்வு பெற்றது. கைவசமுள்ள பணத்துக்கு ஏற்ற படியைத் தேர்ந்தெடுக்க முடிந்ததே உரிமையாளருக்குக் கிடைத்த பெரிய வசதி.

எதைத் தள்ளிப்போடலாம், எதைத் தள்ளிப்போடக் கூடாது என்பதில்தான் சிக்கனத்தின் நுட்பம் இருந்தது. பெயிண்ட், இருக்கை உறை, கதவு ரப்பர் ஆகியவை காத்திருக்கலாம். பிரேக், ஸ்டியரிங், டயர் ஆகியவை காத்திருக்கக் கூடாது. அவற்றில் உயிர் அடங்கியிருக்கிறது. எஞ்சின் ஆயில், டீசல் வடிகட்டி, ஃபேன் பெல்ட், ரேடியேட்டர் ஹோஸ் ஆகியவை விலை குறைந்தவை. ஆனால் அவற்றைக் கவனிக்காமல் விட்டால் வரும் செலவு மிகப் பெரிது. பழைய ஹோஸ் ஒன்று மலைச்சாலையில் வெடித்து, தண்ணீர் வடிந்ததைக் கவனிக்காமல் ஓட்டினால் ஹெட் வளைந்துவிடும்.

சாரலும் துருவும்

சமவெளி ஊர்களில் வெயிலும் புழுதியும் வண்டியைக் கெடுக்கின்றன. குற்றாலத்தில் ஈரம் கெடுக்கிறது. சீசன் மாதங்களில் நாள் முழுவதும் சாரல் தூறும். அருவியில் குளித்தவர்கள் ஈரத் துணியோடு வண்டியில் ஏறுவார்கள். தரைவிரிப்பின் அடியில் தேங்கும் நீர் வெளியே தெரியாமல் தரைத் தகட்டை அரிக்கும்.

அம்பாசிடருக்கு லாரியைப் போலத் தனிச் சட்டகம் கிடையாது. உடற்கூடே எடையைத் தாங்குகிறது. ஆகவே கதவுக்கு அடியிலுள்ள பகுதியும் தரையும் துருப்பிடித்தால் அது அழகு பற்றிய குறையாக மட்டும் நிற்காது. வண்டியின் பலமே குறையும். துருவை வெட்டி எடுத்து, புதுத் தகடு வைத்து வெல்டிங் செய்யும் டிங்கர் வேலையே அதற்குத் தீர்வு. துருவின் மேல் பசை பூசிப் பெயிண்ட் அடித்த வண்டி ஒரு சீசனுக்கு மட்டும் பளபளக்கும். பழைய கார் வாங்குபவர்கள் எஞ்சின் சத்தத்தைக் கேட்பதோடு, விரிப்பைத் தூக்கித் தரையையும் பார்க்க வேண்டும் என்பது இதனால்தான்.

குறைகள்

இந்தச் சிக்கன முறைக்கு மறுபக்கமும் உண்டு. தேய்ந்த எஞ்சினோடு ஓடிய வண்டிகள் கக்கிய புகையை ஊரார் அனைவரும் சுவாசித்தனர். டீசல் புகை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கக் கூடியது என்று உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை 2012-இல் வகைப்படுத்தியது. நாசில் வேலையைத் தள்ளிப்போட்டு உரிமையாளர் மிச்சப்படுத்திய பணத்துக்கு, சாலையோரக் கடைக்காரரும் பட்டறைச் சிறுவனும் தங்கள் உடல்நலத்தால் ஈடு கொடுத்தனர். காற்றுப் பை போன்ற இன்றைய பாதுகாப்பு வசதிகளும் பழைய அம்பாசிடரில் இல்லை.

வீழ்ச்சி

1983-இல் வந்த மாருதி 800 சொந்தக் கார் வாங்குபவர்களை இழுத்துக்கொண்டது. ஆனால் அது பெட்ரோல் வண்டி. வாடகைத் தொழிலை அதிகம் தொடவில்லை. 1998-இல் டாடா இண்டிகா டீசல் எஞ்சினோடு வந்தபோதுதான் வாடகைக் கார் நிலையங்களில் மாற்றம் தொடங்கியது. ஒவ்வொரு கட்டமாகப் புகைக் கட்டுப்பாட்டு விதிகளும் கடுமையாயின. 2010 ஏப்ரலில் பாரத் ஸ்டேஜ் 4 விதி சென்னை உள்ளிட்ட 13 நகரங்களில் நடைமுறைக்கு வந்தது. 2017-இல் நாடு முழுவதும் விரிந்தது.

2013-14 நிதியாண்டில் அம்பாசிடர் விற்பனை சுமார் 2,200 என்ற அளவுக்குச் சுருங்கியது. 2014 மே மாதம் உத்தரபாரா ஆலையில் உற்பத்தி நின்றது. அதே ஆண்டு அக்டோபரில் டீசல் விலைக் கட்டுப்பாட்டை மத்திய அரசு முற்றிலும் நீக்கியது. டீசல் காரைப் பிறப்பித்த விலை வேறுபாடு அதற்குப் பின் வெகுவாகக் குறைந்தது. 2017-இல் அம்பாசிடர் என்ற பெயர் 80 கோடி ரூபாய்க்குப் பிரான்சின் பெஜோ நிறுவனத்துக்கு விற்கப்பட்டது.

இன்றைய பழைய டீசல் கார்கள்

அம்பாசிடரின் இடத்தைப் பின்னர் மாருதி டிசையர், டொயோட்டா எட்டியோஸ் போன்ற கார்கள் பிடித்தன. டிசையர் டீசல் 2008-இலும் எட்டியோஸ் டீசல் 2011-இலும் வந்தன. 2020 ஏப்ரலில் பாரத் ஸ்டேஜ் 6 விதி நடைமுறைக்கு வந்ததை ஒட்டி இரண்டிலும் டீசல் வகை நிறுத்தப்பட்டது. அவற்றில் பழையவை இப்போது பதினைந்து ஆண்டைக் கடந்துவிட்டன.

சொந்தக் காரின் முதற்பதிவு 15 ஆண்டுகளுக்குச் செல்லும். பின்னர் தகுதிச் சோதனையில் தேறினால் ஐந்தாண்டுக்கு ஒரு முறை புதுப்பிக்கலாம். இதற்கான கட்டணம் 2022 ஏப்ரலில் 600 ரூபாயிலிருந்து 5,000 ரூபாயாக உயர்த்தப்பட்டது. டெல்லி வட்டாரத்தில் பத்தாண்டு கடந்த டீசல் வண்டிகளுக்குத் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2015-இல் விதித்த தடை தமிழ்நாட்டுக்குப் பொருந்தாது.

ஆகவே பழைய டீசல் காரைச் சிக்கனமாக ஓட்டுவது எப்படி என்ற கேள்வி தென்காசியில் இன்றும் உயிரோடு இருக்கிறது. விடைதான் மாறியிருக்கிறது. புதிய எஞ்சின்களில் எரிபொருள் 1,000 பாருக்கு மேற்பட்ட அழுத்தத்தில் செலுத்தப்படுகிறது. அதைக் கணினி கட்டுப்படுத்துகிறது. அவை குறைவாகப் புகைக்கின்றன, குறைந்த எரிபொருளில் நெடுந்தொலைவு ஓடுகின்றன, பழுதும் அரிதாகவே வருகிறது. ஆனால் இன்ஜெக்டரோ டர்போவோ கெட்டால் படிப்படியாகச் செலவு செய்ய இடமில்லை. ஒரே நேரத்தில் பெருந்தொகை வேண்டும். வண்டியின் மதிப்பில் கணிசமான பங்கை ஒரு பழுதே விழுங்கிவிடுவதும் உண்டு. சுத்தமான டீசல், உரிய காலத்தில் வடிகட்டி, சரியான தரத்தில் ஆயில், ஆண்டுக்கு ஒரு முறை துருச் சோதனை ஆகிய நான்கும் அம்பாசிடர் காலத்தில் எவ்வளவு தேவைப்பட்டனவோ, அதைவிட அதிகமாக இன்று தேவைப்படுகின்றன.