வாழைத்தாரும் பனிமலையும்



ஐந்தாம் ஆண்டு வகுப்பில் ஒருநாள், பழைய நாட்காட்டியிலிருந்து வெட்டியெடுத்த படம் ஒன்றைப் பிள்ளைகளிடம் காட்டினேன். வெண்பனி மூடிய மலை. அடிவாரத்திலிருந்து உச்சிவரை நீண்டு செல்லும் இரும்புக் கம்பிவடம். அந்த வடத்தில் வரிசை வரிசையாக நாற்காலிகள். ஒவ்வொரு நாற்காலியிலும் கம்பளியுடை அணிந்த மனிதர்கள், காலில் நீண்ட பலகைகளைக் கட்டிக்கொண்டு, அந்தரத்தில் தொங்கியபடி மேலே போய்க்கொண்டிருக்கிறார்கள். "இது என்ன, சொல்லுங்கள் பார்ப்போம்" என்றேன். கடைசி வரிசையிலிருந்து ஒரு பையன் எழுந்து, "சார், கொக்கியில மாட்டின வாழைத்தார் மாதிரி இருக்காங்க" என்றான். வகுப்பே சிரித்தது. நான் சிரிக்கவில்லை. அந்தப் பையன் விளையாட்டாகச் சொன்னது முழுக்க முழுக்க வரலாற்று உண்மை. அதைத்தான் இன்று உங்களோடு பகிர்ந்துகொள்ள வந்திருக்கிறேன்.

முதலில் பனிச்சறுக்கு என்றால் என்னவென்று சொல்லிவிடுகிறேன். நமது நாட்டில் வெயிலும் மழையும் உண்டே தவிர, பனி பெய்வதில்லை. குளிர்நாடுகளில் மாதக்கணக்கில் நிலத்தின்மேல் பனி கிடக்கும். அதன்மேல் சாதாரணக் காலணியோடு நடந்தால் முழங்கால்வரை புதையும். ஆகவே காலில் நீண்ட பலகைகளைக் கட்டிக்கொண்டு, பனியில் புதையாமல் வழுக்கிச் செல்லும் வழக்கம் நார்வே, சுவீடன் போன்ற நாடுகளில் ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக உண்டு. வேட்டைக்குப் போனவனுக்கும் விறகு பொறுக்கப் போனவனுக்கும் அது கால்நடைதான். பின்னாளில் வசதி படைத்தவர்கள் அதை விளையாட்டாக்கிக்கொண்டார்கள்.

இறங்குவது சுகம், ஏறுவதுதான் துன்பம். அரை நாள் மூச்சிரைக்க மலையேறி, சில நிமிடங்களில் கீழே வந்துவிடுவார்கள். அப்புறம் மறுபடியும் ஏற வேண்டும். 1934ஆம் ஆண்டு அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்தில், வுட்ஸ்டாக் என்னும் ஊரில், பழைய போர்டு மோட்டார் வண்டியின் எஞ்சினைக் கொண்டு ஒரு கயிற்றைச் சுற்றவிட்டார்கள். ஓடும் கயிற்றை இரு கைகளாலும் இறுகப் பிடித்துக்கொண்டால் அது மேலே இழுத்துச் செல்லும். கையுறை கிழியும், தோள் கழன்றுவிடும்போல வலிக்கும். அதே ஆண்டின் இறுதியில், சுவிட்சர்லாந்தின் டாவோஸ் நகரில், இடுப்புக்குப் பின்னால் ஒரு கொக்கியை முட்டுக்கொடுத்து இழுக்கும் ஏற்பாடு வந்தது. கொஞ்சம் பரவாயில்லை. ஆனாலும் ஆள் நின்றுகொண்டேதான் போக வேண்டும்.

இந்த நிலையில்தான் ஓர் இரயில்வே நிறுவனம் குறுக்கே வருகிறது. யூனியன் பசிபிக் என்பது அமெரிக்காவின் மேற்குப் பகுதியில் ஓடும் மிகப் பெரிய இரயில்வே. 1932இல் அதன் தலைவர் பொறுப்பை ஏற்றவர் ஆவரல் ஹாரிமன். பிற்காலத்தில் மாஸ்கோவில் அமெரிக்கத் தூதராகவும் நியூயார்க் மாநில ஆளுநராகவும் இருந்தவரும் இவரே. அப்போது உலகப் பொருளாதார மந்தக் காலம். நமது பாட்டன்மார் காலத்தில் ரப்பர் விலை விழுந்து, வேலையிழந்த ஆயிரமாயிரம் பேர் கப்பலேற்றி இந்தியாவுக்குத் திருப்பி அனுப்பப்பட்டார்களே, அதே மந்தம்தான். அங்கே இரயில் பெட்டிகள் காலியாக ஓடின. பயணிகளை எப்படி வரவழைப்பது? 1932இல் நியூயார்க் மாநிலத்தின் லேக் பிளாசிட்டில் குளிர்கால ஒலிம்பிக் நடந்து, பனிச்சறுக்கின்மீது அமெரிக்கர்களுக்கு ஆசை பிறந்திருந்தது. நம் இரயில் போகும் பாதையிலேயே ஒரு பனிமலை உல்லாசத் தலத்தைக் கட்டிவிட்டால் என்ன என்று ஹாரிமன் எண்ணினார்.

இடம் தேட ஆஸ்திரியாவிலிருந்து பெலிக்ஸ் ஷாப்காட்ச் என்னும் பிரபுவை வரவழைத்தார்கள். அவர் 1935 கடைசியிலிருந்து 1936 தொடக்கம்வரை மலை மலையாக அலைந்தார். ஓரிடத்தில் காற்று அதிகம். இன்னோரிடம் நகரத்துக்கு மிக அருகில். வேறோரிடத்தில் குளிர்காலத்தில் பாதையே அடைபட்டுவிடும். முடிவில் ஐடஹோ மாநிலத்தில் கெட்சம் என்னும் சிற்றூரை வந்தடைந்தார்.

கெட்சம் ஊரைப் பற்றிச் சற்று நிதானமாகப் பேச விரும்புகிறேன். அந்த மலைகளில் முதலில் நடமாடியவர்கள் ஷோஷோன், பானக் என்னும் பூர்வகுடிகள். 1880களில் வெள்ளியும் ஈயமும் கிடைத்ததால் சுரங்கத் தொழிலாளர்கள் குவிந்தார்கள். வெள்ளியின் விலை சரிந்ததும் சுரங்கங்கள் மூடப்பட்டன, ஊர் வெறிச்சோடியது. பிறகு ஆடு வளர்ப்போர் வந்தார்கள். மலைமேய்ச்சல் முடிந்த ஆட்டு மந்தைகளை இரயிலேற்றும் பெரிய நிலையமாக அது விளங்கிற்று. ஒரு பொருளின் விலையை நம்பி வாழும் ஊர் அந்த விலையோடு எழும், விலையோடு விழும். ஈயமும் ரப்பரும் நமக்கும் கற்றுக்கொடுத்த பாடந்தான் இது.

ஊருக்குப் பக்கத்தில் இருந்த ஒரு பண்ணையை, ஏறக்குறைய 3,900 ஏக்கர் நிலத்தை, இரயில்வே நிறுவனம் ஏக்கர் சுமார் நான்கு டாலர் கணக்கில் வாங்கியது. ஏழு மாதங்களில் 220 அறைகள் கொண்ட விடுதி எழுந்தது. பார்வைக்கு மரக்கட்டடம்; உண்மையில் சிமெண்டுக் காரை. செதுக்காத பலகைகளுக்கு நடுவே காரையை ஊற்றி, பலகையின் வரிகள் அதில் பதியும்படி செய்து, பழுப்பு நிறம் ஏற்றியிருந்தார்கள். ஸ்டீவ் ஹானகன் என்னும் விளம்பரக்காரர் அந்த இடத்துக்குச் 'சன் வேலி' எனப் பெயர் சூட்டினார். வெயில் பள்ளத்தாக்கு என்று பொருள். பனியைக் காணச் செல்லும் ஊருக்கு வெயிலின் பெயர்! குளிருக்குப் பயந்தவர்களையும் இழுக்க வேண்டுமல்லவா? சுற்றிலும் பனி கிடக்க, நடுவே ஆவி பறக்கும் வெந்நீர்க் குளம். அதில் நீந்தும் காட்சியையும் விளம்பரத்தில் போட்டார்கள்.

இனி வாழைத்தாருக்கு வருவோம்.

இரயில்வேயின் ஓமாகா அலுவலகத்தில் ஜிம் கரன் என்னும் பொறியாளர் பணியாற்றினார். மலையேற்றக் கருவிக்குத் திட்டம் வரையும் வேலை அங்கு நடந்துகொண்டிருந்தது. கரன் அதற்கு முன்பு வெப்பமண்டலத் துறைமுகங்களில் வாழைத்தார்களைக் கப்பலில் ஏற்றும் கம்பிவடங்களை அமைத்த அனுபவம் உள்ளவர். வாழைத்தார் பாரமானது, அதேசமயம் பூப்போன்றது. சற்று மோதினாலும் காய் கறுத்துப்போகும், சந்தையில் விலை போகாது. ஜமைக்கா போன்ற நாடுகளில் அதைப் பெண்கள் தலைச்சுமையாகவே தூக்கிச் சென்று கப்பலேற்றினார்கள். தோளில் காண்டா போட்டுப் பால்வாளி சுமந்தவர்களுக்கு அந்தப் பாரத்தை நான் விளக்கத் தேவையில்லை. பிறகு முடிவில்லாமல் சுற்றும் கம்பிவடமும் கொக்கிகளும் வந்தன. தாரைக் கொக்கியில் மாட்டினால், தரையில் படாமல், எதிலும் இடிக்காமல் போய்ச் சேரும்.

வாழைத்தாரை இப்படிக் கொண்டுபோகலாம் என்றால் மனிதனை ஏன் கொண்டுபோகக் கூடாது? கொக்கியை எடுத்துவிட்டு நாற்காலியை மாட்டினால் போதுமே! இதுதான் கரனின் எண்ணம். மேலதிகாரிகள் இதை ஆபத்தானதென்று ஒதுக்கிவிட்டார்கள் என்றும், சார்லஸ் ப்ராக்டர் என்னும் பனிச்சறுக்கு வீரர் வரைபடங்களைப் பார்வையிட வந்தபோது கரன் தமது படத்தையும் அந்தக் கட்டில் செருகிவைத்தார் என்றும் சொல்வார்கள். ப்ராக்டருக்குப் பிடித்துவிட்டது. ஹாரிமன் இசைந்தார்.

நேயர்களே, இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. வாழைத்தார் காத்திருக்கும், ஆள் எடுத்து மாட்டுவார். மனிதனோ தானே உட்கார வேண்டும். வடம் ஒரு கணமும் நிற்காது. நாற்காலி பின்னாலிருந்து வந்து முழங்காலின் பின்புறம் தட்டும்போது உட்கார்ந்துவிட வேண்டும். வேகம் கூடினால் ஆள் விழுவான். குறைந்தால் வரிசை நகராது. எது சரியான வேகம்? 1936 கோடைக்காலம், ஓமாகாவில் பனிக்கு எங்கே போவது? ஒரு லாரியின் பக்கவாட்டில் நாற்காலியைக் கட்டினார்கள். ஆளைச் சக்கரக் காலணியோடு தரையில் நிறுத்தி, லாரியை ஓட்டி வந்து, நாற்காலியால் அவனை அள்ளிச் செல்லப் பார்த்தார்கள். பலமுறை சோதித்தபின், மணிக்கு நான்கைந்து மைல் வேகம் பொருத்தமென்று கண்டார்கள். ஏறக்குறைய நாம் விரைந்து நடக்கும் வேகம்.

இவ்வாறாக, உலகின் முதல் நாற்காலி ஏற்றிகள் சன் வேலியின் ப்ராக்டர் மலையிலும் டாலர் மலையிலும் நிறுவப்பட்டன. ஒரு நாற்காலிக்கு ஓர் ஆள். 1936 டிசம்பர் 21ஆம் நாள் திறப்பு விழா. திரைப்பட நட்சத்திரங்களும் செல்வந்தர்களும் இரயிலில் வந்து இறங்கினார்கள். எல்லாம் இருந்தது, பனி மட்டும் போதவில்லை! பனி விழும்வரை விருந்தினர் செலவை இரயில்வேயே ஏற்றுக்கொண்டது என்பார்கள். பெயருக்கேற்ப வெயில்தான் அடித்தது.

1939இல், பக்கத்திலிருந்த பால்டி மலையிலும் ஏற்றிகள் வந்தன. அதன் உச்சி 9,150 அடி உயரம். ஒரே வடத்தில் அவ்வளவு தூரம் போக முடியாததால், ஒன்றிலிருந்து இறங்கி அடுத்ததில் ஏறும்படி அமைத்தார்கள். நடுவே, 7,700 அடி உயரத்தில், 'ரவுண்ட் ஹவுஸ்' என்னும் எண்கோண உணவகத்தைக் கட்டினார்கள். தீபகற்ப மலேசியாவின் மிக உயர்ந்த சிகரமான தஹான் மலை 7,175 அடி. அதற்கும் மேலான உயரத்தில், நாற்புறமும் திறந்த கணப்பு அடுப்பைச் சுற்றி அமர்ந்து, சூடான சூப் குடித்திருக்கிறார்கள். பனிமலையில் பசிக்கும் குளிருக்கும் கீழே இறங்கி வரத் தேவையில்லை என்ற நிலை வந்ததும், ஒரு மணி நேர விளையாட்டு ஒரு முழு நாள் விளையாட்டாயிற்று. விடுதி முதலாளிகள் இந்தக் கணக்கை நன்றாகவே புரிந்துகொண்டார்கள்.

இன்று அந்த மலைக்குச் செல்பவர் என்ன காண்பார்? 2009 முதல் கண்ணாடி அடைத்த கூண்டு வண்டி ரவுண்ட் ஹவுஸ் வரை போகிறது. நமது கெந்திங் மலையில் நீங்கள் ஏறியிருக்கக்கூடிய கூண்டு வண்டியைப் போன்றதுதான். நால்வர் அமரும் வேக நாற்காலிகளும் உண்டு. இவ்வகை வேக நாற்காலி 1981இல் கொலராடோ மாநிலத்தின் பிரெக்கன்ரிட்ஜில் அறிமுகமானது. நிலையத்துக்குள் வந்ததும் நாற்காலியின் பிடி வடத்தை விட்டுவிடும். நாற்காலி மெதுவாக ஊர்ந்து, ஆளை ஏற்றிக்கொண்டு, மறுபடியும் வடத்தைப் பிடித்து விரையும். ஓமாகா லாரிச் சோதனையில் தலைவலி கொடுத்த சிக்கல் இப்படித் தீர்ந்தது. மலைமேல் பெரிய மரக்கட்டை மாளிகைகளில் உணவகங்கள், அடிவாரத்தில் பலகைகளை வாடகைக்கு எடுக்கும் கடை, கற்றுக்கொடுக்கும் பள்ளி, அடிபட்டவரைச் சறுக்குக் கட்டிலில் வைத்துக் கீழே இறக்கும் காவற்படை எனச் சகலமும் உண்டு. பனி பெய்யாவிட்டாலும் கவலையில்லை. உறைகுளிர் நேரத்தில் தண்ணீரையும் அழுத்தமேற்றிய காற்றையும் சேர்த்து மெல்லிய தூவலாகப் பீய்ச்சினால், தரை சேருமுன் அது பனியாகிவிடுகிறது. இரவில் பெரிய எந்திரங்கள் அந்தப் பனியை வாரிச் சீவிப் பாய்போல விரித்துவைக்கின்றன.

இடையில் அந்த விடுதிக்கு வேறொரு வாழ்வும் வாய்த்தது. இரண்டாம் உலகப் போரின்போது, 1943 முதல் 1946 வரை, அது கடற்படை வீரர்கள் உடல் தேறும் மருத்துவமனையாக இயங்கியது. பசிபிக் கடலில் ஜப்பானியரோடு போரிட்டுக் காயமுற்றவர்களும் அங்கே படுத்திருந்தார்கள். அதே ஆண்டுகளில் நம்மவர்கள் சயாம் மரண இரயில்பாதையில் என்ன பாடுபட்டார்கள் என்பது நம் வீட்டுப் பெரியவர்கள் சொல்லிக் கேட்டதுதான். 1964இல் இரயில்வே அந்தத் தலத்தை விற்றுவிட்டது. 1977இல் அது மறுபடியும் கைமாறியது. இப்போது விருந்தினர் அங்கே பயணிகள் இரயிலில் வருவதில்லை.

இவ்வளவும் நடந்த பிறகு கெட்சம் ஊர் என்னவாயிற்று? ஏக்கர் நான்கு டாலருக்குப் போன நிலத்தின் அருகில், இன்று கோடீசுவரர்கள் ஆண்டுக்குச் சில வாரம் தங்கும் வீடுகள். படுக்கை விரிப்பவருக்கும், சமைப்பவருக்கும், ஏற்றியை இயக்குபவருக்கும், ஏன், பள்ளி ஆசிரியருக்குங்கூட வாடகை கட்டுப்படியாகவில்லை. பலர் தூரத்து ஊர்களிலிருந்து தினமும் வந்து போகிறார்கள். தென் அமெரிக்காவிலிருந்து ஒரு பருவத்துக்கு மட்டும் வேலைக்கு வரும் இளைஞர்களும் உண்டு. 2021ஆம் ஆண்டில், வேலை செய்பவர்களை நகரப் பூங்காவில் கூடாரம் அடித்துத் தங்க விடலாமா என்று ஊர் நிர்வாகம் யோசிக்கும் அளவுக்கு நிலைமை முற்றியது.

நான் இந்தச் செய்தியைப் படித்தபோது என் தந்தையாரை நினைத்துக்கொண்டேன். அவர் பால்வெட்டிய நிரைகளில் இன்று குழிப்பந்து மைதானம் இருக்கிறது. நாங்கள் குடியிருந்த லயம் இருந்த இடத்தில் வண்டி நிறுத்துகிறார்கள். அம்மா அந்தப் பக்கம் பேருந்தில் போகும்போதெல்லாம் கிணறு இருந்த இடத்தை மட்டும் எட்டிப் பார்ப்பார்.

மறுநாள் வகுப்பில் அந்தப் பையனைக் கூப்பிட்டு, நீ சொன்னது சரி என்று சொல்லி, கரனின் கதையை முழுவதும் சொன்னேன். கேட்டுக்கொண்டே இருந்தவன், "அப்போ வாழைத்தார் தூக்கினவங்க அந்த நாற்காலியில உக்காந்தாங்களா, சார்?" என்று கேட்டான். இல்லை என்றேன். ரூட் மலை என்னுமிடத்தில் பழைய நாற்காலி ஏற்றி ஒன்றின் கம்பங்களைச் சின்னமாகப் பாதுகாத்து வைத்திருக்கிறார்கள் என்பதையும் சொன்னேன். அவன் தன் பயிற்சிப் புத்தகத்தில் கம்பம், வடம், கொக்கி எல்லாம் வரைந்து, நாற்காலியில் ஒரு பெண்மணியை உட்காரவைத்து, அவர் தலைமேல் ஒரு வாழைத்தாரையும் வரைந்து கொண்டுவந்து கொடுத்தான். அந்தப் படம் எங்கள் வகுப்பறைச் சுவரில் ஒட்டப்பட்டிருக்கிறது.