மார்ஃபின் இல்லாத காஷுவாலிட்டி

மலருக்குக் கட்டுரை கேட்டார் செயலாளர். பழைய கதைகளை எழுத நிறையப் பேர் இருக்கிறார்கள். நான் வலி ஊசியைப் பற்றி எழுதுகிறேன்.

1985-இல் போதைப்பொருள் தடுப்புச் சட்டம் வந்தது. உரிமம், பதிவேடு, தவறினால் கடும் சிறை என்றதும் மருத்துவமனைகள் மார்ஃபினை வாங்கி வைக்கவே பயந்தன. அந்த ஆண்டு நாடு முழுவதும் செலவான மார்ஃபின் 716 கிலோ. 1997-இல் வெறும் 18 கிலோ! இத்தனைக்கும் சட்டப்படி அபின் விளைவித்து ஏற்றுமதி செய்த நாடு இது.

இதற்கு நடுவில்தான் நம்ம பேட்ச் ஹவுஸ் சர்ஜன்களாக நின்றது. கல்லடைப்பு வலியில் உட்காரவும் படுக்கவும் முடியாமல் புரளுகிறவருக்கு நம்மிடம் இருந்தது டைக்லோஃபெனாக் 75 மில்லிகிராம். "கொஞ்சம் பொறுத்துக்குங்க அண்ணே" என்று இடுப்பில் போடுவோம். அரைமணியில் பலர் எழுந்து காபி கேட்பார்கள். இருந்தாலும், "இல்லாதவன் வைத்தியம்டா இது" என்று சீனியர்கள் கேலி செய்வார்கள்.

கேலிக்கு 2016-இல் தோஹாவிலிருந்து பதில் வந்தது. கல்லடைப்போடு அவசரப் பிரிவுக்கு வந்த 1,644 பேரை மூன்றாகப் பிரித்துப் பார்த்தார்கள். அரைமணியில் வலி பாதியாவது குறைந்தவர்கள் டைக்லோஃபெனாக்கில் 68 சதவீதம், ஐ.வி. பாராசிட்டமாலில் 66, மார்ஃபினில் 61. காரணம் நமக்குத் தெரிந்ததுதான். கல் அடைத்ததும் சுரக்கும் புராஸ்டகிளாண்டின்தான் சிறுநீரகத்தில் அழுத்தத்தை ஏற்றுகிறது. டைக்லோஃபெனாக் அதையே தடுக்கிறது. (சிறுநீரகம் பழுதானவருக்கும் வயிற்றுப்புண்காரருக்கும் ஆகாது, அவர்களுக்குப் பாராசிட்டமால்.)

அடுத்த ஆண்டு நியூயார்க்கில் கை, கால் வலியோடு வந்த 416 பேரிடம் பார்த்தபோது, இபுப்ரோஃபெனும் பாராசிட்டமாலும் சேர்ந்த மாத்திரைகள் இரண்டு மணி நேரத்தில் ஓபியாய்டு மாத்திரைகளுக்குச் சமமாகவே வேலை செய்தன. அதே 2017-இல்தான் ஓபியாய்டு சாவுகளுக்காக அமெரிக்கா பொதுச் சுகாதார அவசரநிலை அறிவித்தது.

இதை வைத்து நாம் காலரைத் தூக்கிவிட்டுக்கொள்ள முடியாது. ஸ்டவ் வெடித்து வந்த பெண்களை நினைத்துப் பாருங்கள். தோல் உரிந்த உடம்புக்கு டைக்லோஃபெனாக் எந்த மூலைக்கு? டிரெஸ்ஸிங் மாற்றும்போது மயக்க மருந்து டாக்டர் கெட்டமின் எடுத்து வந்தால் உண்டு. வராத நாளில் அந்த அலறல் ஓ.பி. வரைக்கும் கேட்கும். 1970-இலேயே அமெரிக்காவில் அனுமதி பெற்ற மருந்து அது. இன்று குறைந்த அளவில், ஐ.வி. வழியாகப் பதினைந்து நிமிடம் மெதுவாக ஏற்றி, காஷுவாலிட்டியிலேயே வலிக்குக் கொடுக்கிறார்கள்.

மார்ஃபின் சட்டத்தைத் தளர்த்தியது 2014-இல். அதற்குள் நம்மில் பலர் துறைத் தலைவர்களாகிவிட்டோம்.